மாதம்மாளும் தாஜின் முன்னங்காலும்

மாதம்மாளோடு ரகசியம் பேச முடியாது. நாம் மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. அவள் மெதுவாகச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். ஓசூரைத் தாண்டி எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் நான் குடிவந்த அன்று பக்கத்து அறையிலிருந்து, "புதுசா வந்த புள்ளைக்கு மூஞ்சி நல்லாத்தான் இருக்குது, சிரிப்பத்தான் ஊர்லயே உட்டுட்டு வந்துடுச்சு" என்று ஒரு குரல் கணீரென்று வந்தது. யாரிடம் என்னை அலசுகிறாள் என்று கோபமாக எட்டிப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து ஒரு செவலை நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாய் தலையைச் சாய்த்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் பெயர் சத்யப்ரியா. கோவில்பட்டிக்காரி. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. வீட்டுக்காரர் ராமப்பன் நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மீந்த துண்டில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி அறை என்னுடையது, அதற்கு முந்தினது மாதம்மாளுடையது. மற்ற அறைகளில் என்னைப்போல ஷிப்டுக்குப் போவதும் வந்து விழுந்து தூங்குவதுமான ஆட்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

மாதம்மாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் பெரியதம்பியோடு கிரானைட் பட்டறையில் வேலை. அவன் கல் அறுக்கும் மிஷினில். அவள் பாலிஷ் போடும் இடத்தில் தண்ணீர் அடித்துக் கழுவும் ஆள். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலுக்குள் நின்றாள். காது ஒரே நாளில் போகவில்லை. "வயசாவ ஆவ நம்மகிட்ட மருவாதியா மெதுவா பேசறாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பட்டறை பெரியதம்பியின் நுரையீரலை எடுத்துக்கொண்டது, இவளுடைய காதை எடுத்துக்கொண்டது. அவன் போய்ச் சேர்ந்தான். இவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளத் தானாகப் பழகிக்கொண்டு ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள்.

எங்கள் ஊரில் ரோஜா என்றால் வாசலில் ஒரு தொட்டி. இங்கே அது பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஏக்கர் கணக்கில் நிற்கும். பாலிஹவுஸ் என்பார்கள். விடியும்போதே பூவை வெட்டி, ஷெட்டில் வைத்துக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாக ரப்பர் பேண்ட் போட்டு, அட்டை சுற்றி வண்டி ஏற்றுவார்கள். கட்டுப் போடும் பெண்களின் மணிக்கட்டில் வளையல் இருக்கிறதோ இல்லையோ, முழங்கை வரைக்கும் ரப்பர் பேண்ட் இருக்கும். மாதம்மாள் வீட்டுக்கு வந்தாலும் அதைக் கழற்ற மாட்டாள். அவளுடைய பருப்புப் பொட்டலம், கொண்டை, கரண்ட் அட்டை, ஆடுகிற ஜன்னல் கதவு எல்லாம் ரப்பர் பேண்டில்தான் நின்றன. வீட்டைப் பெருக்கினால் தூசியைவிட அதுதான் அதிகம் வரும். "சாமி படத்தையும் ஆணி அடிக்காம இதுலதான் மாட்டியிருக்கீகளா" என்று கேட்டிருக்கிறேன். "தெய்வத்த மாட்டல. மிச்சம் எல்லாத்தையும் மாட்டிட்டேன்" என்றாள்.

தாஜ்மஹால் என்பது ஒரு சிவப்பு ரோஜாவின் பெயர். அந்தச் செடிகளின் நடுவில் யாரோ போட்டுவிட்டுப் போன குட்டி என்பதால் நாய்க்கும் அந்தப் பெயர் விழுந்தது. கூப்பிட நீளமாக இருந்ததால் தாஜ் ஆயிற்று.

அந்த நாயை நாய் என்று சொன்னால் மாதம்மாளுக்குக் கோபம் வரும். யாராவது கதவைத் தட்டினால் ஓடிவந்து அவள் முழங்காலில் மூக்கால் முட்டும். குக்கர் கத்தினால் போய் முந்தானையை இழுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ரோட்டில். தோட்டத்துக்குப் போகும் சாலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்து அட்டிபெலேயிலிருந்து வரும் லாரிகள் டோலைத் தவிர்க்க உள்ளே புகுந்து பறக்கும். பின்னால் வண்டி வந்தால் தாஜ் அவள் வலது காலோடு உடம்பைச் சேர்த்து அவளை ஓரமாகத் தள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாய் வருவதற்கு முன்னால் ஒரு மினி லாரி அவளைத் தட்டிவிட்டு, இடுப்பு எலும்பு விலகி மாதக்கணக்கில் கிடந்திருக்கிறாள். சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் மணிமேகலை அப்போதே, வேலையெல்லாம் போதும், வந்து என்னோடு இரு என்று அழுதிருக்கிறாள். தாஜ் வந்த பிறகுதான் மகள் அந்தப் பேச்சை விட்டாள். வீடியோ காலில் முதலில் நாயைக் காட்டச் சொல்வாள், அப்புறம்தான் அம்மாவை. ஆக, மாதம்மாள் சொந்தக் காலில் நிற்கிறாள் என்றால் அது அந்த நாலு காலையும் சேர்த்துத்தான்.

அதில் ஒரு காலுக்குத்தான் கேடு வந்தது.

பாலிஹவுஸின் ஓரத்து வலையில் தாஜின் முன்னங்கால் சிக்கியிருக்கிறது. உதறி இழுத்ததில் உள்பக்கம் தனியாக மேலே இருக்குமே, கட்டைவிரல் மாதிரி, அந்த விரலின் நகம் பாதி பிய்ந்து தொங்கியது. நகம்தானே என்று நினைப்போம். கொட்டுகிற ரத்தத்தைப் பார்த்தால் கால் போய்விட்டதோ என்று இருக்கும். ஷெட்டில் இருந்த பெண்கள் பதறியிருக்கிறார்கள். மாதம்மாள் பதறவில்லை. தொங்கிய நகத்தை ஒரே வெட்டில் பூ வெட்டும் கத்திரியால் எடுத்துவிட்டாள். வீட்டுக்குத் தூக்கிவந்து காப்பித்தூளை அப்பி, மேலே மஞ்சள் வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினாள். ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்த நான் வாசலில் நின்று பார்த்தேன். துணியைச் சுற்றி முடித்ததும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கட்டை இறுக்கினாள். ரத்தம் நின்றது. தாஜ் அவள் கையை நக்கியது. "பாத்தியா, டாக்டரம்மா" என்று தன் மார்பைத் தானே தட்டிக்கொண்டாள். நான் கைதட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் தாஜ் துணியைக் கடித்துப் பிய்த்துப் போட்டுவிட்டது. பூண்டுக்கூடைக்குப் பக்கத்தில் துணியும் அதோடு ஒரு ரப்பர் பேண்டும் கிடந்தனவாம். இரண்டையும் சேர்த்து எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். காயம் காய்ந்துவிட்டது, காற்றுப்படட்டும் என்று அப்படியே விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ராத்திரி ஷிப்ட். நான் வரும்போது அவள் தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பாள், அவள் திரும்பும்போது நான் கம்பெனி வண்டி ஏறியிருப்பேன். வார லீவு அன்று மதியம் கண்விழித்துக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். மாதம்மாள் வேலைக்குப் போகவில்லை. தாஜ் அவள் மடியில் கிடந்தது. அந்த முன்னங்காலின் பாதம் இரண்டு மடங்கு ஊதி, விரல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிந்து நின்றன. பக்கத்தில் உப்புத் தண்ணீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் துணியை அதில் முக்கிப் பிழிந்து பாதத்தில் ஒத்தடம் கொடுத்தாள்.

தாஜ் கத்தியது. நாய் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மாதம்மாள் குனிந்து அடுத்த ஒத்தடத்தைக் கொடுத்தாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் நிமிர்ந்து, "உடு புள்ள, நகம் சீழ் வெச்சிருக்குது, சூடு குடுத்தா எறங்கிடும்" என்றாள். "சாப்புடவும் மாட்டேங்குது. வாய வாயத் தொறக்குது, சரி பசின்னு பன்னப் பிச்சிப் போட்டா தொடறதில்ல."

இத்தனை நாள் இது கத்தியது யார் காதிலும் விழவில்லையா என்று இருந்தது. "ராமப்பன் ஐயா ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துக் கேட்டேன்.

"அந்தாளு சொல்லாம இருப்பானா. நாயி ராத்திரியெல்லாம் ஊளையிடுதாம். யாரையோ கொண்டுபோவ வந்திருக்குதாம் எமன், அது கண்ணுக்குத் தெரியுதாம். தொரத்தி உடுன்னு நாலு நாளா வாசல்ல வந்து நிக்கறான். அவனுக்கு இந்த நாயி வந்த நாள்லேந்தே ஆவாது. எதையாவது சொல்லித் தொரத்தப் பாக்கறான்னு நானும் கதவச் சாத்திட்டேன்."

ராமப்பன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. காது கேட்கிற மனிதர். நாய் அழுகிறது என்றால் எதற்கு அழுகிறது என்று ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டாமா? எமன் வருவது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் தாஜின் பாதத்தைத் தொட்டேன். ஒத்தடம் கொடுத்த இடம் மேலே சுட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு போனதும் உள்ளே ஜில்லென்று இருந்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே சுற்றிலும் முடி ஈரமாக ஒட்டியிருந்தது, வாடை அடித்தது. அதைக் காட்டினேன். "அது நக்கி நக்கி வந்த ஈரம்" என்றாள்.

"கிளம்புங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஸ்கூட்டியை எடுத்தேன். அவள் பூத்தோட்டத்துப் பழைய புடவை ஒன்றில் நாயைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஓசூரில் மாட்டாஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது காவலாளி மட்டும்தான் இருந்தார். டாக்டர் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட கிராமத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலத்துக்கு மேல்தான் வருவார், வந்தாலும் வருவார் என்றார். மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் நாயை எட்டிப் பார்த்துவிட்டு, பாம்புக்கடி மாதிரி இருக்கு, வெச்சிக்கிட்டிருக்காதீங்க, அட்டிபெலேயில் தனியார் கிளினிக் ஒன்று இருக்கிறது, எந்நேரமும் திறந்திருக்கும் என்றார்.

பாம்பு என்ற உதட்டசைவை மாதம்மாள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் வாய் ஓயவில்லை. மாதேஸ்வரா, மாதேஸ்வரா என்று என் முதுகில் முட்டிக்கொண்டு வந்தாள். நடுநடுவே நாயிடம், "கண்ண மூடாத, கண்ண மூடாத தாஜு, தோ வந்துட்டோம்" என்று கத்தினாள். பக்கத்தில் பைக்கில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்த வழியே திரும்பி ஜூஜுவாடியைத் தாண்டியதும் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. எல்லையில் எப்போதும் உள்ள கூத்துதான். கண்டெய்னர் லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் நுழைந்து, திட்டு வாங்கி, மண்ணில் இறக்கி ஏற்றினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் புடவைக்குள்ளிருந்து தாஜ் கத்தியது. அந்தச் சத்தம் நேராக என் காதுக்கு வந்தது. அதைச் சுமந்துகொண்டிருந்த மாதம்மாளுக்கு அது போகவில்லை. அவள் அதே நேரத்தில், "பாரு, எவ்ளோ சமத்தா வருது" என்று என்னிடம் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல் ஓட்டினேன்.

கிளினிக்கில் டாக்டர் ஒரு சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். ஹாசன் பக்கம் என்று பிறகு தெரிந்தது. தமிழ் ஒரு சொல் வராது. எனக்குக் கன்னடம் வராது. முகத்தில் மாஸ்க் போட்டிருந்ததால் மாதம்மாளாலும் அவள் உதட்டைப் பார்க்க முடியவில்லை. மூன்று பேரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டோம். நான் "ஸ்னேக், ஸ்னேக்" என்றேன். டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

மயக்க ஊசி போட்டாள். தாஜின் தலை மெதுவாகச் சாய்ந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த முடியை மிஷினால் மழித்து, மருந்துத் தண்ணீரால் கழுவினாள். முடி போன இடத்தில் காலைச் சுற்றி ஒரு பள்ளம். கத்தியால் கீறினதுபோல் சரியான வட்டம். உள்ளே சதை பிளந்து கிடந்தது. டாக்டர் இடுக்கியை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுத் தேடினாள். எதையோ பிடித்து மெதுவாக இழுத்தாள். சதைக்குள்ளிருந்து நீண்டு வந்தது. கத்திரியால் அறுத்து எடுத்து, தண்ணீரில் அலசித் தட்டில் போட்டாள்.

மஞ்சள் ரப்பர் பேண்ட்.

நான் மாதம்மாளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அதே மஞ்சள், அதே தடிமன். அன்றைக்குத் துணியைச் சுற்றிவிட்டு, முடிச்சுப் போடத் தோன்றாமல், நாளெல்லாம் ஆயிரம் கட்டுக்குப் போடுகிற பழக்கத்தில் கையிலிருந்து ஒன்றை உருட்டி இரண்டு சுற்றாகப் போட்டிருக்கிறாள். நாய் துணியைத்தான் பிய்த்தது. பேண்ட் முடிக்குள் நழுவி இறங்கிவிட்டது. தரையில் கிடந்தது அந்த வீட்டில் எப்போதும் கிடக்கிற வேறு ஒன்று.

டாக்டர் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். கோபமாகக் கேட்டாள். "ராத்ரியெல்லா கூகிரபேகல்லா, நிமகெ கேளிஸலில்வா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ திட்டு என்பது மட்டும் தெரிந்தது. மாதம்மாள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஊரில் உள்ள பேச்சையெல்லாம் அவளுக்கு உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறவள் நான். அன்று நான் அவள் தோளைத் தொட்டு, "என்னக்கா சொல்லுதாக?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அவளிடம் நான் கேட்டதேயில்லாத சின்னக் குரலில் சொன்னாள்.

"ராத்திரியெல்லாம் கத்தியிருக்குமே, ஒனக்குக் கேக்கலியான்னு கேக்கறாங்க."

நான் டாக்டரிடம் காதைத் தொட்டுக் காட்டி, மாதம்மாளைக் காட்டி, கையை விரித்தேன். டாக்டரின் முகம் மாறிவிட்டது. மாதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு டாக்டர் பேசியதெல்லாம் முகத்துக்கு நேராக, மெதுவாக, அவளிடம் மட்டும்தான். மாதம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வெளியே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"கீழ ரத்தம் போவல. செத்துப்போச்சு பாதம். மேலயும் ஏற ஆரம்பிச்சிருச்சாம். நாளைக்குக் காலைல தோளோட எடுத்துடணும். எடுத்தா உசுரு நிக்கும்."

"உசுரு நின்னா போதும்க்கா. மூணு கால்ல நல்லா ஓடுற நாயி எத்தன பாத்திருக்கோம்."

"ஓடும். என்ன ஓரமாத் தள்ளுமா?"

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "அதுக்கு இல்ல புள்ள" என்றாள். "லாரி அடிச்சா அடிச்சிட்டுப் போவுது. நொண்டி நொண்டி எங்கிட்ட வந்து, என் மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்துச்சு பாரு. ஒரு தடவ இல்ல. நான் பன்னப் பிச்சிப் போட்டேன். சுடுதண்ணி வெச்சேன். எம்மேல எவ்ளோ நம்பிக்க இருந்தா அந்தச் சூட்டுக்கும் காலக் காட்டிட்டு நின்னிருக்கும்." கையிலிருந்த ரப்பர் பேண்டுகளை ஒட்டுமொத்தமாக உருவி பெஞ்சுக்கடியில் போட்டாள். கை முழுக்க வரி வரியாகத் தடம் இருந்தது. அப்புறம் அழுதாள். அவள் அழுவதும் தெருவுக்கே கேட்டது.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, காலைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டி, காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மயக்கம் தெளியத் தெளிய தாஜ் முனக ஆரம்பித்தது. மாதம்மாள் அதைப் புடவையோடு வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, வாயையே பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது. அவள் என்ன நினைத்தாளோ, உள்ளங்கையை அதன் தொண்டையில் வைத்தாள். வைத்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரியா, இப்ப அழுவுதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவுதுக்கா."

"ஆமா" என்றாள். "கைக்குத் தெரியுது."

ஸ்கூட்டியில் ஏறியபோதும் அந்தக் கையை எடுக்கவில்லை. எடுக்காமலே, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லையில் வண்டிகள் அப்படியேதான் நின்றன. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும், எனக்குச் சத்தம் கேட்பதற்குள் பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"அழுவுது புள்ள. மெதுவாப் போ."